மூணு நூல் படி

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் என் மனைவியின் தம்பி. இதைப் பதிவு செய்துவிட்டுத்தான் மேற்கொண்டு வாய் திறப்பேன். இரண்டாவது கெடுதல் என் மனைவி செய்தது. மூன்றாவது, ஆங்கிலத்தில் ஒட்டி நிற்கும் இரண்டு எழுத்துகள் செய்தது. நான் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. ஒரே ஒரு மாடிப்படி செய்தேன். அவ்வளவுதான்.

எனக்கு மறதி உண்டு. மூக்குக்கண்ணாடியை மறப்பேன். அது மூக்கிலேயே இருக்கும்போதும் மறப்பேன். ஆனால் என்னை யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால், அன்றைய கிழமை, மணி, அந்த ஆள் போட்டிருந்த சட்டை எல்லாம் கல்வெட்டு மாதிரி நிற்கும். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தரை. மச்சினன் போட்டிருந்தது நீலக் கட்டம் போட்ட சட்டை. கட்டம்! அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முதலில் படியைப் பற்றிச் சொல்கிறேன். நான் நாற்பது வருஷம் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவன். படிப்பு எட்டாம் வகுப்பு. அதுவும் ஃபெயில். ஆனால் இரும்பு விஷயத்தில் என்னை எவனும் ஃபெயிலாக்கியதில்லை. எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் மொட்டைமாடிக்குப் போகும் இரும்புப் படி என் கையால் போட்டது. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பதினேழு படி. ஒவ்வொன்றும் ஒரே தகடு, மூணு நூல் பருமன். எங்கள் தொழிலில் ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு நூல் என்று பெயர். பேர்தான் நூல். மூணு நூல் தகடு காலில் விழுந்தால் கால் நூலாகிவிடும்.

இந்தப் படியைப் பற்றி என் மனைவிக்கு இரண்டு புகார். முதல் புகார், படி அவள் ஜன்னலை மறைக்கிறது. அவள் தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடையெல்லாம் தைப்பாள். ஜன்னலோரம்தான் மெஷின். படி அந்த ஜன்னலுக்கு நேர் முன்னால் ஏறுகிறது. ஜன்னல் முதலில் வந்ததா, படி முதலில் வந்ததா என்று கேட்டால், ஜன்னல்தான். ஒப்புக்கொள்கிறேன்.

"என்னங்க, இருட்டா இருக்கு. ஊசியில நூல் கோக்க முடியல."

"லைட்டைப் போடு."

பத்து வருஷம் இப்படியே போயிற்று. பிறகு அவள் அந்தப் புகாரைக் கைவிட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவள் எதையும் கைவிடுகிறவள் இல்லை, மடித்து உள்ளே வைத்துத் தைத்துவிடுகிறவள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது புகார், படி ஆடுகிறது.

"படி ஆடுதுங்க."

"படி ஆடல. நீ ஆடுற."

"நான் ஏன் ஆடுறேன்? படி ஆடுது, அதனால நான் ஆடுறேன்."

"நீ ஆடுற, அதனால படி ஆடுற மாதிரி இருக்கு. இந்த வீட்டுல எல்லாமே நீ ஆடுறதுக்குத் தகுந்த மாதிரிதான் ஆடுது. நான் உட்பட."

இந்த உரையாடல் வாரம் ஒருமுறை நடக்கும். ஞாயிற்றுக்கிழமை இரண்டுமுறை.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமைதான் மச்சினன் வந்தான். இன்ஜினியர். பாலம் கட்டும் கம்பெனியில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவன். பாலத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறானா என்று தெரியாது. படியில் ஒருமுறை ஏறினான். இறங்கினான். டேப்பை வைத்து நீளம் பார்த்தான், அகலம் பார்த்தான். கைப்பிடியைத் தட்டிப் பார்த்தான், டாக்டர் முதுகைத் தட்டுகிற மாதிரி. பிறகு உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தான். கால்மணி கழித்து வந்து சொன்னான்.

"அத்தான், ஷீட் போட்டுட்டேன்."

நான் வெளியே ஓடிப்போய் மேலே பார்த்தேன். எங்கள் தொழிலில் ஷீட் என்றால் தகரம்.

"எங்கேப்பா போட்ட? ஒண்ணையும் காணோமே?"

"வெளியில இல்ல அத்தான். எக்செல்ல."

என் மனைவி மெஷினிலிருந்து தலையைத் தூக்கினாள். "எக்ஸெல்லா? யாருக்குடா? அத்தானுக்கா? அவருக்கு டபுள் எக்ஸெல் வேணும்டா."

அக்காவும் தம்பியும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவன் சொன்ன சொல்தான் என் நெஞ்சில் நிற்கும் முதல் ஆணி.

"கண்ணால பாத்துப் போட்ட படியை எப்படி அத்தான் நம்புறது?"

கண்ணால் பார்த்துப் போட்ட படி! நான் கண்ணால் பார்த்துத்தான் நாற்பது வருஷம் கேட் போட்டேன், கிராதி போட்டேன். கண்ணால் பார்த்துத்தான் இவன் அக்காவைக் கல்யாணமும் செய்தேன். இரண்டாவதில் வேண்டுமானால் பிசகியிருக்கலாம். இரும்பில் பிசகவில்லை.

"இதுல என்ன இருக்கு?" என்று லேப்டாப்பைக் காட்டிக் கேட்டேன்.

"எல்லா ஃபார்முலாவும் இருக்கு. நீளம், அகலம் நான் அடிச்சுட்டேன். தகடு பருமன் மட்டும் நீங்க சொல்லணும். பெயின்ட் மேல பெயின்டா இருக்கு, எனக்குப் புரியல. அடிச்சீங்கன்னா, ஒரு ஆள் நடுவுல நின்னா தகடு தாங்குமா தாங்காதான்னு அதுவே சொல்லிடும். தாங்கினா பச்சையில பாஸ். இல்லேன்னா சிவப்புல ஃபெயில்."

ஃபெயில். எட்டாம் வகுப்பு முடிவில் பார்த்த அதே சொல். அது ஐம்பது வருஷம் நடந்து, கட்டம் போட்ட சட்டை போட்டுக்கொண்டு, என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

எனக்கு ரோஷம் வந்தது.

"நான் கத்துக்கறேன்டா இதை. ஒவ்வொரு கட்டமாப் பாத்து, ஏமாத்து வேலை இருக்கான்னு தேடிட்டு, அப்புறம் பருமன் சொல்றேன். சிவப்பு வந்துச்சுன்னா என் கையாலேயே படியை அறுத்துப் போடுறேன்."

"எழுதிக் குடுங்க" என்றாள் மனைவி.

அவ்வளவு வேகமாக அவள் காகிதம் எடுத்து நான் பார்த்ததில்லை. துணி வெட்ட வரைபடம் போடும் பழுப்புத்தாள். எழுதிக் கொடுத்தேன். ஆனால் நானும் லேசுப்பட்டவன் இல்லை. பதிலுக்கு அவளிடமும் எழுதி வாங்கினேன்: பச்சை வந்தால், "அவர் போட்ட படி ஆடல, நான்தான் தப்பாச் சொன்னேன்" என்று வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி, மூன்று முறை சொல்ல வேண்டும். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் "நான்தான் தப்பாச் சொன்னேன்" என்ற வாக்கியத்தை அவள் வாயால் நான் கேட்டதில்லை. அதற்காக ஒரு படி என்ன, வீட்டையே பணயம் வைக்கலாம்.

பழுப்புத்தாளை மெஷினுக்கு மேலே சுவரில் குண்டூசியால் குத்தினாள். மச்சினன் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஷீட்டை அக்காவின் பழைய லேப்டாப்பில் ஏற்றிவிட்டுப் போய்விட்டான். அந்த லேப்டாப்பை அவன்தான் இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்குக் கொடுத்தான். அவள் அதில் படம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். எதிர்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட். பேசும்போதுகூட விரல் தொடையில் தட்டிக்கொண்டே இருக்கும்.

"மேஸ்திரி, இந்தக் கட்டம் ஒவ்வொண்ணுக்கும் பேரு செல்."

"செல்லா? சார், செல் அரிச்ச கதவை மாத்தி இரும்புக் கதவு போட்டே பொழச்சவன் நான். என்கிட்ட செல்லைப் பத்திப் பேசாதீங்க."

"அந்தச் செல் இல்ல மேஸ்திரி."

"போனா?"

"போனும் இல்ல."

"போன்னா போறேன். கோவப்படாதீங்க."

"உக்காருங்க மேஸ்திரி!"

இப்படியாக முதல் நாள் பாடம் செல்லிலேயே செல்லாமல் நின்றது. இரண்டாம் நாள் வேகம் பிடித்தது. கணக்குப் போட வேண்டுமானால் செல்லில் முதலில் சமக்குறி போட வேண்டும். போடாவிட்டால் எழுதியதை வெறும் எழுத்து என்று நினைத்து அப்படியே வைத்துக்கொள்ளும்.

"முதல்ல சமம்னு ஒத்துக்கணும். அப்பத்தான் அது வேலை செய்யும்" என்றார் டைப்பிஸ்ட்.

இதை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். "அதைத்தான் நானும் கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்றேன்" என்று மெஷினை மிதித்தாள் மனைவி.

டாலர் குறி போட்டால் அந்தச் செல்லைக் காட்டும் ஃபார்முலாவை எங்கே இழுத்தாலும் அது பிடித்த பிடியை விடாதாம். என் வீட்டில் டாலர் போடாமலேயே அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்றேன். டைப்பிஸ்ட் சிரிக்கவில்லை. அவர் மனைவி பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

நான்காம் நாள் நானே சொந்தமாக ஒரு ஃபார்முலா எழுதினேன். கம்ப்யூட்டர் ஏதோ எச்சரிக்கை காட்டியது.

"என்ன சார் திட்டுது?"

"மேஸ்திரி, இந்தச் செல்லுக்கு விடை எங்கேருந்து வரணும்னு எழுதியிருக்கீங்க?"

"இந்தச் செல்லுலேருந்துதான்."

"நான் சொல்றது சரி, ஏன்னா நான் சொல்றேன்னு சொன்ன மாதிரி இருக்கு. சுத்திச் சுத்தி அங்கேயே வரும். அதனாலதான் ஒத்துக்க மாட்டேங்குது."

நான் இதை வீட்டில் சொல்லவில்லை. சில பாடங்களை வெளியிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

ஐந்தாம் நாள்தான் எனக்கு ஞானோதயம் ஆனது. இஃப் என்று ஒன்று. இப்படி இருந்தால் இதைச் சொல், இல்லாவிட்டால் அதைச் சொல். மச்சினன் எழுதியிருந்தது இதுதான்: தகடு மேல் விழும் அழுத்தம் நூற்றைம்பதுக்குக் குறைவாக இருந்தால் "பாஸ்" என்று சொல், இல்லாவிட்டால் "ஃபெயில்" என்று சொல். அட, ஐம்பது வருஷம் முன்னால் என் எட்டாம் வகுப்பு வாத்தியாரும் இதைத்தான் செய்திருக்கிறார். அந்த மனிதரின் இஃபை அப்போது என்னால் திருத்த முடியவில்லை. இதைத் திருத்த முடியும்.

திருத்தினேன். குறைவாக இருந்தால் "பாஸ்" என்று சொல். இல்லாவிட்டாலும் "பாஸ்" என்று சொல். பச்சை நிறமும் இரண்டுக்கும்.

உள்ளுக்குள் ஒரு சமாதானம் இருந்தது. படி நல்ல படி. நல்ல படிக்குப் பாஸ் போடுவது ஏமாற்று இல்லை. நேரத்தை மிச்சம் பிடிப்பது.

லேப்டாப்பை மனைவி முன்னால் வைத்தேன். எதையோ அடித்தேன். பாஸ். பச்சை.

"வாசலுக்கு வா. தொண்டையைச் சரி பண்ணிக்கோ."

"இருங்க" என்றாள். கையிலிருந்த துணியை வைத்துவிட்டு, லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். ஒரு விரலால் டக் டக்கென்று ஏதோ அடித்தாள். பாஸ். மறுபடி அடித்தாள். பாஸ்.

"என்ன பண்ற?"

"ஆள் எடை நூறு கிலோன்னு இருந்துச்சு. நாலாயிரம்னு போட்டேன். பாஸாம்."

"பாத்தியா, அவ்வளவு உறுதி!"

"யானை ஏறினாலும் பாஸ். சரி. இப்ப பருமன் பூஜ்யம் புள்ளி ஒண்ணுன்னு போடுறேன். பாருங்க. தகடு இல்ல, காகிதம். காகிதத்து மேல யானை நிக்குது. பாஸ்."

அவள் அந்தச் செல்லைச் சொடுக்கினாள். மேலே என் ஃபார்முலா முழுசாகத் தெரிந்தது. இரண்டு பாஸும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"இங்க ஒண்ணை ஃபெயில்னு மாத்திடுங்க" என்றாள். கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"உனக்கு... உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"வர்றவங்க அளவெல்லாம் இதுலதான் எழுதி வெச்சிருக்கேன். இடுப்பு, தோள், கை நீளம். எத்தனை மீட்டர் துணின்னு அதுவே சொல்லும். தம்பி சொல்லிக் கொடுத்தான். ரெண்டு வருஷமாச்சு. நான் படம் பாக்குறேன்னுதானே நினைச்சீங்க?"

ஆமாம் என்று சொல்வது பதில் ஆகாது.

இஃபையும் ஆள் எடையையும் பழையபடி ஆக்கினேன். அவள் மேற்பார்வையில். பிறகு, மானம் போன மனிதன் செய்யும் காரியத்தைச் செய்தேன். நேர்மையாக நடந்துகொள்ள முடிவெடுத்தேன். மனிதன் இதைவிடப் பெரிய தப்பைச் செய்ய முடியாது.

"இப்பவே வெச்சுப் பாத்துடலாம். நான் வெளிய போய் அளந்து சொல்றேன். நீ உள்ளேருந்து அடி."

வெளியே போனேன். மூன்றாம் படியின் ஓரத்தில் பெயின்டைச் சுரண்டி, கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். டேப்பே வேண்டாம். என் கட்டைவிரல் நாற்பது வருஷமாகத் தகடு தடவிய விரல். ஜன்னல் வழியாக அவள் முகம் தெரிந்தது. அதாவது, படிகளுக்கு நடுவே துண்டு துண்டாகத் தெரிந்தது.

"பருமன் எவ்வளவுங்க?"

"மூணு நூல்!"

"மூணா?"

"மூணு!"

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. மூணுன்னே போட்டுடவா?"

"ஏய், மூணுன்னா மூணுதான்! மூணுக்கு ஒரு மயிரிழை கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம். போடு!"

போட்டாள்.

"என்னங்க."

"என்ன?"

"சிவப்பு."

உள்ளே ஓடினேன். சிவப்பு. பதினேழு படிக்கும் பதினேழு வரிசை. பதினேழும் சிவப்பு. அழுத்தம் ஐந்நூற்று எண்பத்தெட்டு. அனுமதி நூற்றைம்பது. இவ்வளவு ஃபெயில் என் பள்ளிக்கூடத்திலேயே ஒரே பக்கத்தில் பார்த்ததில்லை.

இரண்டு நாள் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்தேன். ஒவ்வொரு செல்லாகப் பார்த்தேன். ஏமாற்று இருக்கிறதா என்று தேடினேன். மச்சினனுடைய ஃபார்முலா நேர்மையாக இருந்தது. அதுவே எரிச்சலாக இருந்தது. நீளம் சரி. அகலம் சரி. பருமன் மூணு. அதுவும் சரி. ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்திலும் mm என்று ஒரே மாதிரி இரண்டு எழுத்து இருந்தது. எனக்கு ஆங்கில எழுத்து தனித்தனியாக வந்தால் அடையாளம் தெரியும், கூட்டமாக வந்தால் ஒதுங்கிவிடுவேன். இதைக் கூட்டிப் பார்த்தேன். ம்ம். சொல்லச் சொல்ல "ம்ம், ம்ம்" என்று கேட்டுக்கொள்கிறதாக்கும், மரியாதை தெரிந்த மெஷின் என்று நினைத்துக்கொண்டேன்.

எதிர்வீட்டு டைப்பிஸ்டிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷப் படி ஃபெயிலான விஷயத்தை எதிர்வீட்டுக்கு நானே போய்ச் சொல்வேனா?

கடைசியாகப் படியிடமே கேட்டுவிடலாம் என்று எட்டாம் படியின் நடுவில் நின்று குதித்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி குதித்தேன். முழங்கால்தான் கிறீச்சென்றது.

"என்னங்க பண்றீங்க?" ஜன்னலுக்குள்ளிருந்து குரல்.

"பாரு! தாங்குது பாரு!"

"நீங்க குதிச்சா கணக்கு மாறுமா?"

"கணக்கு பெருசா, கண் முன்னால நிக்கிற இரும்பு பெருசா?"

அவள் சுவரைக் காட்டினாள். பழுப்புத்தாள். என் கையெழுத்து. எழுதியபடி நடக்க வேண்டும். எழுதியபடி நடந்தால் நடக்கப் படி இருக்காது.

என் வாயால் வந்த சொல்லை நான் ஒருநாளும் திரும்ப வாங்கியதில்லை. அது எனக்கு இருக்கும் ஒரே சொத்து. கிரைண்டரை எடுத்தேன்.

மூன்று நாள் அறுத்தேன். மேலேயிருந்து ஒவ்வொரு படியாக, கீழே இறங்கிக்கொண்டே. நான் போட்ட வெல்டை நானே அறுப்பது எப்படி என்று சொல்லத் தெரியவில்லை. எங்கே பற்று பலமாக இருக்கும், எங்கே கை கொஞ்சம் தளர்ந்தது என்று எனக்குத் தெரியும். தளர்ந்த இடம் ஒன்றுகூட அகப்படவில்லை. நாலு அறுப்புத் தட்டு போதும் என்று நினைத்து வாங்கினேன். பதினொன்று தேய்ந்தது. ஃபெயிலான இரும்பு ஏன் இப்படி அடம் பிடிக்கிறது என்று ஒருமுறை தோன்றியது. நான்கூட எட்டாம் வகுப்பில் அப்படித்தான் பெஞ்சை விடாமல் பிடித்துக்கொண்டேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எதிர்வீட்டு டைப்பிஸ்ட் தினமும் வாசலில் நின்று பார்த்தார். "ஏன் மேஸ்திரி அறுக்கறீங்க?"

"பழசாப் போச்சு சார்."

"யாரு?"

நான் கிரைண்டரை வேகமாக ஓட்டினேன்.

நாலாம் நாள் பழைய இரும்பு வாங்குகிறவர் வண்டியோடு வந்தார். முதல் தகட்டைத் தூக்கப் போனவர் "அம்மாடி" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். திருப்பி ஓரத்தைப் பார்த்தார்.

"அண்ணே, இது யாரு போட்ட படி?"

"ஏன்?"

"மூணு நூல் தகடுண்ணே! வீட்டுப் படிக்கு எவன் போடுவான் மூணு நூல்? இப்பல்லாம் மூணு மில்லி போட்டுட்டுப் போயிடுறாங்க. இதுல லாரியே ஏத்தலாமே. இதையா அறுத்தீங்க?"

"என்ன சொன்னீங்க? மூணு என்ன?"

"மூணு மில்லிண்ணே. மில்லிமீட்டரு. மூணு நூல்னா ஒன்பதரை மில்லி வரும்ல. அதுல மூணுல ஒரு பங்குகூட வராது."

மில்லிமீட்டர். எம். எம். ம்ம்.

என் தலைக்குள் பதினேழு தகடும் ஒரே சமயத்தில் விழுந்தன. ஷீட் முழுக்க மில்லிமீட்டர். நான் சொன்னது நூல். மெஷின் என்னை ஆமோதிக்கவில்லை, என்னிடம் விவரம் கேட்டிருக்கிறது.

உள்ளே ஓடினேன். லேப்டாப்பைப் பிடுங்கினேன். மூணை அழித்தேன். ஒன்பதரை என்று அடித்தேன். சமக்குறிகூடத் தேவைப்படவில்லை. பச்சை! பதினேழும் பச்சை! அழுத்தம் ஐம்பத்தெட்டு. அனுமதி நூற்றைம்பது. வாழ்க்கையில் முதல்முறையாக நான் பாஸ். பதினேழு பாடத்திலும்.

"ஏய்! பச்சை! பச்சை!"

அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாகக் காலை வெயில் அப்படியே உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது. மேஜை, துணி, கத்தரிக்கோல், அவள் முகம், அந்த அறையில் எல்லாமே புதிதாக வாங்கிய மாதிரி இருந்தது. அவள் ஊசியைத் தூக்கிப் பிடித்தாள். மூக்குக்கண்ணாடி போடவில்லை. நூலை நீட்டினாள். முதல் தடவையிலேயே உள்ளே போனது.

"மில்லியாம்! ஷீட்டுல இருக்கறது மில்லியாம்! நான் சொன்னது நூல்! நூல் வேற, மில்லி வேற!"

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நூல் வேற, மில்லி வேறன்னு. எங்க டேப்பிலயும் இஞ்சுக்கு எட்டுக் கோடுதான். முப்பத்தாறு வருஷமா உங்ககூடக் குடும்பம் நடத்துறேன், பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்திருக்கேன். மூணு நூல் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் மூணுன்னு போட்டியா?"

"நான் கேட்டேனே. மூணான்னு கேட்டேன். நல்லாப் பாத்துச் சொல்லுங்கன்னேன். மூணுன்னே போட்டுடவான்னும் கேட்டேன். மூணு தடவை கேட்டேன். நீங்கதான் மயிரிழை கூடவும் வேண்டாம்னீங்க."

நினைத்துப் பார்த்தேன். கேட்டாள். படுபாவி, மூன்று முறை கேட்டாள்.

சரி. படி போயிற்று. ஆனால் ஒப்பந்தம் போகவில்லை. சுவரிலிருந்து பழுப்புத்தாளைப் பிய்த்தேன். குண்டூசி விரலில் குத்தியது. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டேன்.

"பச்சை வந்துடுச்சு. உன் கையெழுத்து இருக்கு. வாசலுக்கு வா. 'அவர் போட்ட படி ஆடல, நான்தான் தப்பாச் சொன்னேன்.' மூணு தடவை. நூல் கணக்கு இல்ல, மில்லிக் கணக்கும் இல்ல, முழுசா மூணு!"

அவள் எழுந்தாள். நிஜமாகவே எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு என்னோடு வாசல்வரை வந்தாள். எதிர்வீட்டு டைப்பிஸ்ட் செய்தித்தாளை இறக்கினார். இரும்புக்காரர் தகட்டை வண்டியில் வைத்துவிட்டுத் திரும்பினார். முப்பத்தாறு வருஷம்!

"எந்தப் படிங்க?" என்றாள் அவள்.

"என்ன எந்தப் படி? நான் போட்ட படி!"

"காட்டுங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

நான் பக்கவாட்டைக் காட்டினேன். சுவரில் பதினேழு வெள்ளைத் தழும்பு இருந்தது.

"இல்லாத படி ஆடலைன்னு எப்படிங்க சொல்றது? நாலு பேர் முன்னால பொய் சொல்லச் சொல்றீங்களா?"

டைப்பிஸ்ட் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார். தாள் குலுங்கியது. இரும்புக்காரர் வண்டியை எடுத்தார். என் பதினேழு பாஸும் தெருவோடு போயின.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். கோடு போட்ட சட்டை. வீட்டின் பின்பக்கம், ஜன்னலே இல்லாத சுவரில், புதுப் படி போட இடம் குறித்தான். போடப்போவது யார்? நான்தான். "தகடு பருமன் எத்தனை மில்லி அத்தான்?" என்று கேட்டான். நான் அவன் முகத்தைப் பார்த்து, "ம்ம்" என்றேன்.

அப்போது உள்ளே மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, என் மனைவி தலையைத் தூக்காமல் தம்பியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"மூணு நூலே போடட்டும்டா. அவர் போட்ட படி ஒருநாளும் ஆடினதில்ல."

நான் உள்ளே பாய்ந்தேன். என் வயதில் கால் பாய்கிற பாய்ச்சல் இல்லை அது. மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவே போய் நின்றேன்.

"மெஷினை நிறுத்து! நிறுத்துன்னேன்! இப்ப என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு!"

மெஷின் நின்றது. வாசல் கதவு திறந்துதான் இருந்தது. எதிர்வீட்டில் டைப்பிஸ்ட் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை சொன்னால்கூடப் போதும், பாக்கி இரண்டு தடவையைத் தள்ளுபடி செய்துவிடலாம் என்று முடிவெடுத்திருந்தேன்.

அவள் ஊசியைத் தூக்கிப் பிடித்து, நூலை நீட்டி, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கொஞ்சம் நகருங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்கன்னு சொன்னேன்."

நகர்ந்தேன். மூணு தடவை இன்னும் பாக்கி.